விண்வெளி முதல் வீட்டு அறை வரை: மூச்சைக் காக்கும் ஏற்பாடுகள்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உபகரண இரவல் பிரிவு சேலத்தில் நடத்திய தன்னார்வலர் கூட்டத்தில், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் நீண்ட காலம் இருந்த சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி எழுத்து வடிவில் தருகிறோம். – ஆசிரியர் குழு)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "மனிதன் வாழ முடியாத இடங்களில் உயிர் காக்கும் ஏற்பாடுகளும் மருத்துவமும்". நோட்டீஸைப் பார்த்த பெரியவர் ஒருவர், "நாமென்ன நிலாவுக்கா போகப் போறோம் தம்பி?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். நிலாவுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தை நாமக்கல் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே வெளிறிய நிறத்தில் ஒரு பாறை கிடைக்கிறது. அனார்த்தசைட் என்று அதற்குப் பெயர். நிலவின் மேட்டுப் பகுதிகளில் உள்ள பாறையும் இதே வகை. சந்திரயான்-2 திட்டத்துக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் துணையோடு இந்தப் பாறையைத்தான் இஸ்ரோ எடுத்துப் பொடியாக்கியது. பெங்களூரில் அதைப் பரப்பி, அதன் மேல்தான் நிலவில் ஓடவேண்டிய ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள். ஆக, நிலவின் மண் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் சித்தம்பூண்டியில் ஆடு மேய்க்கலாம், நிலவில் முடியாது. மண் ஒன்றுதான். அங்கே காற்று இல்லை. பகலில் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரி வரை இறங்கும். இங்கே நாம் பிறந்ததிலிருந்து கேட்காமலே கிடைத்துக்கொண்டிருக்கும் ஒன்று அங்கே இல்லை. அதை மனிதன் தன் கையோடு கொண்டு போக வேண்டும். அப்படிக் கொண்டு போகும் ஏற்பாட்டைத்தான் உயிர் காக்கும் ஏற்பாடு என்கிறோம்.

இன்று நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். அந்த ஏற்பாட்டில் இயந்திரம் ஒரு பகுதி மட்டுமே. அது நின்றுபோனால் எடுத்துக்கொள்ள ஒரு மாற்று, அதைக் கவனிக்க ஓர் ஆள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். விண்வெளிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டார்கள். நம் மஹல்லாவில் ஆக்ஸிஜன் இயந்திரத்தை இரவல் கொடுக்கும் நாமும் இதைப் படிக்க வேண்டும்.

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும்?

ஒரு மனிதர் ஒரு நாளில் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறார். ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். எடையில் பார்த்தால் உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம். இந்த இரண்டாவது கணக்கை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மூச்சு என்றால் உள்ளே இழுப்பது என்றுதான் நினைக்கிறோம். மூடிய இடத்தில் இருப்பவருக்கு வெளியே விட்ட காற்று எங்கே போகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2000 நவம்பரிலிருந்து அங்கே ஆள் இல்லாத நாளே கிடையாது. அங்கே தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஆக்ஸிஜனைப் பிரிக்கிறார்கள். வெளிவிடும் கரியமில வாயுவை ஜியோலைட் என்ற கனிமம் நிரப்பிய பெட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து மறுபடி குடிக்கிறார்கள். தண்ணீரில் 98 சதவீதத்தைத் திரும்பப் பெறும் நிலைக்கு வந்துவிட்டதாக 2023இல் நாசா அறிவித்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த நம் தாய்மார்களுக்கு இதன் அருமை புரியும்.

ஜியோலைட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் இரவல் பிரிவுக்கு அது தேவைப்படும்.

பொருந்தாத பெட்டி

1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 விண்கலம் மூன்று பேரோடு நிலவுக்குப் புறப்பட்டது. வழியில் ஓர் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்துவிட்டது. தாய்க்கலத்தில் மின்சாரமும் காற்றும் குறைய, மூவரும் நிலவில் இறங்குவதற்காக இணைத்திருந்த சிறிய கலத்துக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேர் சுமார் இரண்டு நாள் இருப்பதற்காகச் செய்தது. மூன்று பேர் ஏறக்குறைய நான்கு நாள் அதை நம்பி இருக்க வேண்டியதாயிற்று.

அங்கே ஆக்ஸிஜனுக்குப் பெரிய பஞ்சம் வரவில்லை. கரியமில வாயுதான் ஏறத் தொடங்கியது. அதை உறிஞ்சும் மாற்றுப் பெட்டிகள் தாய்க்கலத்தில் நிறையவே இருந்தன. ஆனால் அவை சதுரம். சிறிய கலத்தில் பெட்டி செருகும் துளையோ வட்டம். மருந்து கையில் இருக்கிறது, புட்டியைத் திறக்க முடியவில்லை என்ற நிலைமை. தரையில் இருந்த பொறியாளர்கள், கலத்துக்குள் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டும் டேப். இவற்றை எப்படிச் சேர்ப்பது என்று ரேடியோவில் படிப்படியாகச் சொல்ல, மேலே இருந்தவர்கள் செய்தார்கள். ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிரோடு கடலில் வந்து இறங்கினார்கள்.

என் தொழிலில் இதற்கு நிகரான ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைந்து நிற்கும், திறக்கிற சாவி இருக்காது. சாவி இருந்தால் ரெகுலேட்டர் வேறு வகையாக இருக்கும். சிறிய சிலிண்டருக்கும் பெரிய சிலிண்டருக்கும் வாய் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதில் உட்காராது. பகலில் இது சின்ன விஷயம், கடைக்கு ஓடலாம். இரவு இரண்டு மணிக்கு நோயாளி திணறும்போது இதுவே உயிர்ப் பிரச்சினை. அப்பல்லோவுக்கு நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் விழித்திருந்தார்கள். நம் வீட்டில் இருப்பது ஒரு மகளும் ஒரு செல்போனும்தான்.

டாக்டர் தூரத்தில், கை அருகில்

வாழ முடியாத இடத்தில் வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

1961இல் அண்டார்டிகாவில் சோவியத் நிலையம் ஒன்றில் லியோனிட் ரோகோசோவ் என்ற 27 வயது டாக்டர் இருந்தார். அங்கே அவர் ஒருவர்தான் டாக்டர். அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. ஏப்ரல் 30 அன்று, மரத்துப்போகும் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு, தன் வயிற்றைத் தானே திறந்து அறுவை செய்துகொண்டார். பிழைத்தும் எழுந்தார். உலகம் அவரைத்தான் பாராட்டுகிறது, அது சரிதான். ஆனால் அவருக்குக் கண்ணாடி பிடித்தும் கருவி எடுத்துக் கொடுத்தும் உதவியவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஒருவர் வானிலை பார்ப்பவர், இன்னொருவர் எந்திர வேலை செய்பவர். கத்தியை எடுக்கும் முன்பே யார் என்ன செய்ய வேண்டும், தான் மயங்கிவிட்டால் எந்த ஊசியைப் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் ரோகோசோவ் ஆரம்பித்தார். நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையமும் அதே பகுதியில்தான் 1989இல் அமைந்தது.

இரண்டாவது, விண்வெளி நிலையத்தில் நடந்தது. அங்கே தங்கியிருந்த ஒருவருக்குக் கழுத்து நரம்பில் ரத்தம் உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. 2020 ஜனவரியில் இந்த விவரம் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்கேன் கருவியைப் பிடித்தவர் அந்த விண்வெளி வீரரேதான். பூமியிலிருந்த டாக்டர்கள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவர் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். ரத்த உறைவுக்கான ஊசி மருந்து அங்கே கொஞ்சம் இருந்தது. அடுத்த சரக்குக் கலம் வரும் நாள்வரை அது வர வேண்டுமே! கணக்குப் போட்டு, அளவைக் குறைத்து, மாத்திரை வந்து சேரும்வரை நீட்டித்தார்கள்.

இன்னும் ஒன்று, நம் சமுதாயத்தாருக்கு ஆர்வமாக இருக்கும். 2007 அக்டோபரில் மலேசியாவைச் சேர்ந்த ஷேக் முஸாஃபர் என்ற எலும்பு மருத்துவர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது ரமலான் மாதம். அந்த நிலையம் ஒரு நாளில் சுமார் 16 தடவை பூமியைச் சுற்றிவிடும். அப்படியானால் ஐவேளைத் தொழுகைக்கு எந்தச் சூரியனைப் பார்ப்பது, கிப்லா எந்தப் பக்கம் என்ற கேள்விகள் வந்தன. மலேசிய ஆலிம்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்து பேசி, அவர் புறப்படுவதற்கு முன்பே வழிகாட்டியாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேலே போன பிறகு தடுமாறக் கூடாது என்ற முன்யோசனை அது.

மூன்றிலும் ஒரே பாடம். டாக்டர் தூரத்தில் இருக்கலாம், அதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் கைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கேள்வி எழும் முன்பே பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

நம் வீட்டில் இருக்கும் நிலவு

இப்போது வீட்டுக்கு வருவோம்.

பல வருடம் விறகு அடுப்பில் ஊதிய தாய், பீடி குடித்த பெரியவர், விசைத்தறிப் பஞ்சிலோ கல் குவாரித் தூசியிலோ காலம் கழித்த தொழிலாளி. இவர்களில் சிலருக்கு நுரையீரல் தேய்ந்து, கட்டிலிலிருந்து கழிவறைவரை நடப்பதே மலையேறுவதாக ஆகிவிடுகிறது. அவர்களைச் சுற்றி 21 சதவீத ஆக்ஸிஜன் உள்ள நல்ல காற்று இருக்கிறது. அவர்களுடைய நுரையீரலுக்கு அது போதவில்லை. நமக்கு வீடாக இருக்கும் அதே அறை அவர்களுக்கு வாழ முடியாத இடமாகிவிடுகிறது.

2021 கொரோனா இரண்டாம் அலையில் இதை ஊரே பார்த்தது. மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்திலேயே 500 ஆக்ஸிஜன் படுக்கைகளோடு தற்காலிக சிகிச்சை மையம் திறந்தார்கள். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டு போன காலம் அது. அப்போதுதான் நம்மைப் போன்ற பல அறக்கட்டளைகள் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கின. மதம் பார்க்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். அந்த இயந்திரங்கள்தான் இன்றும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஜியோலைட்! விண்வெளி நிலையத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கும் அதே குடும்பத்துக் கனிமம். நம் இயந்திரத்தில் அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. நல்ல நிலையில் இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்ஸிஜன் வரும். ஆக, இயந்திரம் ஆக்ஸிஜனை உற்பத்தி செய்வதில்லை, வடிகட்டிக் கொடுக்கிறது. வடிகட்டி அடைத்தால் காற்று வரும், சத்தமும் வரும், ஆக்ஸிஜன் குறைந்துவிடும்.

விசைத்தறிப் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தா கட்டிலில் படுத்திருக்கிறார், மூக்கில் குழாய் இருக்கிறது, இயந்திரம் ஓடுகிறது. "மெஷின் நல்லாத்தான் ஓடுது பாய், அத்தாவுக்குத்தான் முடியல" என்றார் மகன். இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆக்ஸிஜன் தூய்மை குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பின்பக்க வடிகட்டியைக் கழற்றினால் பக்கத்துத் தறிகளின் பஞ்சு கம்பளி மாதிரி அப்பியிருக்கிறது. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினோம், 81 காட்டியது. உடனே சிலிண்டரை மாட்டி 108க்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். இயந்திரம் பழுதாகவில்லை. அதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை.

தன்னார்வலர்கள் மனதில் வைக்க வேண்டியவை

முதலாவது, அளவு. ஆக்ஸிஜன் ஒரு மருந்து. எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று திருகைக் கூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவு 88க்கும் 92க்கும் இடையில் இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தங்கி, தூக்கம் மாதிரி வந்து மயக்கத்தில் கொண்டு விடும். அப்பல்லோவில் பார்த்த அதே வாயுதான். "நல்லா தூங்கறாங்க" என்று வீட்டார் சந்தோஷப்படும்போது, எழுப்பினால் எழுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, மின்சாரம். சாதாரண 5 லிட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் எடுக்கும். மின்விசிறிக்கும் லைட்டுக்கும் போட்ட சிறிய இன்வெர்ட்டரை நம்பி இதை ஓட்ட முடியாது. மின்சாரம் போனால் மாற்று சிலிண்டர்தான். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பி வகைச் சிறிய சிலிண்டரில் நிறைந்த நிலையில் சுமார் 1,500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். அதே சிலிண்டர் 5 லிட்டர் போனால் 5 மணி நேரம்தான். டி வகைப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். 2 லிட்டர் கணக்கில் இரண்டு நாளைக்கு மேல் வரும். இந்த மணிக்கணக்கைச் சிலிண்டரின் மேலேயே அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். இருட்டில் யாரும் வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மின்தடை நீடித்தால் சொல்ல வேண்டிய மின்னகம் எண் 94987 94987. அதையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

மூன்றாவது, வெயில். பெரும்பாலான இயந்திரங்கள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அவற்றின் கையேட்டிலேயே இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் என்னவென்று உங்களுக்கே தெரியும். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தால் இயந்திரத்துக்கே மூச்சு முட்டும். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள்.

நான்காவது, நெருப்பு. ஆக்ஸிஜன் தானாக எரியாது, எரிகிறதைப் பல மடங்கு வேகமாக எரிய வைக்கும். அந்த அறையில் பீடி கூடாது, அடுப்பு கூடாது. வியாழன் இரவு சாம்பிராணி போடும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்த அறையைத் தவிர்த்துவிடச் சொல்லுங்கள். அவருடைய நுரையீரலுக்கும் அந்தப் புகை ஆகாது. ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தோடு வரும் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

ஐந்தாவது, சுத்தம். வெளி வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும், தறிப் பகுதியில் இரண்டு முறை. ஈரப்பதப் புட்டியில் காய்ச்சி ஆறிய தண்ணீரோ, வாலை வடித்த தண்ணீரோ ஊற்றி தினமும் மாற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், கிருமியும் வளரும்.

கிணறும் தொட்டியும்

தலைப்பை ஒட்டி இன்னொரு இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. காற்று இல்லாத இடம் நிலவில் மட்டும் இல்லை. நாள்பட்ட பாழுங்கிணறு, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி, ஆலைகளின் கழிவுத் தொட்டி. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, மூன்றாவதாகப் போன தம்பியும் விழுந்தார் என்ற செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம்! அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகின முட்டை வாசம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாசமே தெரியாது. வாசம் போய்விட்டது என்று இறங்குகிறவர் அதிக ஆபத்துக்குள் இறங்குகிறார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்ஸிஜன் குறைவைக் காட்டலாம், இந்த விஷவாயுவைக் காட்டாது. எரியும் வாயு இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் எதிலும் ஆளை இறக்க விடாதீர்கள், உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்று உடனே சொல்லுங்கள். விண்வெளிக் கலத்திலிருந்து வெளியே போகிறவர் தன் காற்றைத் தன் முதுகில் சுமந்துதான் போகிறார். கிணற்றில் இறங்கும் தீயணைப்பு வீரரும் அப்படித்தான் இறங்குகிறார். அந்தக் காற்று நம் முதுகில் இல்லாதபோது மேலே நிற்பதுதான் உதவி.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

இந்த ஆண்டு வசூலில் புதிய கான்சென்ட்ரேட்டர்கள் வாங்கலாம் என்று நிர்வாகத்தில் ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம், அல்லாஹ் கூலி தருவான். என் வேண்டுகோள், ஐந்து வாங்க நினைக்கும் இடத்தில் நான்கு வாங்குங்கள். ஐந்தாவதுக்கான பணத்தை இருக்கிற இயந்திரங்களின் துணைக்குச் செலவழியுங்கள்.

இயந்திரம் தனியாக ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது. அதோடு ஒரு பை போக வேண்டும். அதில் ஓர் ஆக்ஸிமீட்டர், இரண்டு மூக்குக் குழாய், ஒரு மாற்று வடிகட்டி, தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை. பையோடு ஒரு பி வகை சிலிண்டரும், அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரும், சங்கிலியில் கட்டிய சாவியும். கொடுக்கும் நாளிலேயே வீட்டாரைக் கொண்டு ஒரு தடவை சிலிண்டரை மாட்டச் சொல்லி, நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நாமே மாட்டிக் காட்டிவிட்டு வந்தால் அவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு மஹல்லாவுக்கு ஒருவர் வேண்டும். முதல் நாள் ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நம் சகோதரிகள் போகட்டும். விளக்கு என்ன நிறம், வடிகட்டி எப்படி இருக்கிறது, ஆக்ஸிமீட்டர் என்ன காட்டுகிறது, சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். பத்து நிமிட வேலை. மாதம் ஒரு முறை அனலைசர் வைத்து ஆக்ஸிஜன் தூய்மையை நான் வந்து பார்த்துத் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். என்னோடு இரண்டு இளைஞர்கள் வந்தால் ஒரு வருடத்தில் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கு எந்த நிதியைப் பயன்படுத்தலாம், ஜகாத்தா, ஸதகாவா என்பதை இங்கே இருக்கும் ஆலிம்கள் சொல்லட்டும். நான் கருவிகளைப் பற்றி மட்டும்தான் பேசத் தகுதியுள்ளவன். ஆனால் ஒன்று தெரியும். புது இயந்திரத்தின் மேல் நன்கொடையாளர் பெயரை எழுதலாம், போட்டோவும் எடுக்கலாம். வடிகட்டிக்கும் சாவிக்கும் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். அதனாலேயே அதற்குப் பணம் சேராது. அந்தப் பணத்தை நிர்வாகம்தான் ஒதுக்க வேண்டும்.

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். இங்கே அமானிதம் இரண்டு பக்கமும் இருக்கிறது. இயந்திரத்தை நாம் அந்த வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் தங்கள் அத்தாவின், அம்மாவின் மூச்சை நம் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடாது.

வெளியே மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த மஹல்லாவுக்கு யார் என்று பெயரும் கைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். இப்போது இரவலில் இருக்கும் இயந்திரங்களின் முகவரிப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டையும் ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி அடுத்த கூட்டத்தில் வர வேண்டும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் கைகளுக்கு வலுவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.